பதினேழாம் பிரிவில் ஒட்டிய சீட்டு

ஜூலை 2, புதன்

இன்று காலை ஏழே காலுக்கு என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: வனவர் தெய்வசிகாமணி. அவரோடு இரண்டு காவலர்கள். ஒருவன் சட்டையில் குணசீலன் என்று இருந்தது, இன்னொருவன் பெயர்ப்பட்டை குத்தவில்லை, இடது காதுமடலில் மரு. பெண் காவலர் ஒருத்தி. கேட்டதற்கு ஜாக்குலின் என்றாள். எதிர்வீட்டு மும்தாஜ், தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையும் கையுமாக. என் மருமகள் வெண்ணிலா. பேத்தி இலக்கியா, வாயில் பிரஷ்ஷோடு. அப்புறம் நான், தேசம்மாள்.

இவ்வளவு பேர்தான். வேறு யாரும் இல்லை.

பின்னால் எவராவது நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது, அதற்காக எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் வக்கீல் சங்க லைப்ரரியில் வேலை பார்த்தவள் நான். ஐந்தாவதோடு படிப்பு நின்றாலும், தேதியும் ஆளும் தவறினால் கேஸ் கவிழும் என்பது தெரியும்.

எங்கள் குட்டியானை லோடு வண்டி மலைப்பாதைச் செக்போஸ்ட்டில் நிற்கிறதாம். தவிட்டு மூட்டைக்கு அடியில் சந்தனக்கட்டை. ஓட்டியவன் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டான். வண்டி வெண்ணிலா பேரில் இருக்கிறது. அங்கன்வாடி உத்தியோகம் இருப்பதால் லோன் அவள் பேரில்தான் கிடைத்தது.

"யாரும்மா ஓட்டிகினு போனது?" என்றார் வனவர்.

வெண்ணிலா என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையின் வாய் நுரையைத் துடைத்தேன்.

"தெரியாது சார்" என்றாள் வெண்ணிலா.

"உன் ஊட்டுக்காரன் எங்க?"

"வெளியூரு போயிருக்காரு."

"அப்ப நீதான் வரணும். சட்டம் அப்படித்தான் இருக்குது."

சட்டம் என்றதும் ஒரு நீல அட்டை கண்முன்னால் வந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டேன். வெண்ணிலாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குக் கீரை ஆய வேண்டியிருந்தது.

ஜூலை 3, வியாழன்

வக்கீல் ஆரோக்கியசாமியிடம் போனேன். வேறு வழியில்லை. 1998 மார்ச் பத்தாம் தேதி, சங்கத் தேர்தல் நாள், அத்தனை வக்கீல் நடுவில் "ஏய் பசை, டீ சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டவர் அவர். கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை. எதையும் மறக்கவில்லை.

துணைக்கு மும்தாஜ் வந்தாள். அவர் மஞ்சள் அட்டைப் புத்தகத்தை விரித்தார். இப்போது எல்லாரும் வைத்திருப்பது அந்தக் கம்பெனிப் பதிப்புதான். மரக்கடத்தல் சட்டம்.

"ஒன்பதாவது பிரிவு, கடத்தலுக்குப் போன வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்க. பத்தாவது, மரத்தை வெட்டினவன், ஏத்தினவன், ஓட்டினவன். பதினேழு, ஒன்பதுல மாட்டினவங்களுக்கு ஜாமீன் கிடையாது."

மும்தாஜ் மூக்கில் விரலை வைத்தாள். "இன்னா சார் இது? திருடிகினு ஓட்டுனவனுக்கு ஜாமீன் உண்டு, ஊட்ல சோறு ஆக்கிகினு இருந்தவளுக்கு இல்லியா?"

"அப்படித்தாம்மா போட்டிருக்கான்."

"எவன் போட்டான்? அவனைக் கூப்புட்டுக் கேளுங்க!"

ஆரோக்கியசாமி சிரித்தார். பிறகு கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "தேசம்மா, திருத்தச் சீட்டெல்லாம் நீதானே ஒட்டுவ? இதுக்கு ஏதாவது வந்ததா ஞாபகம் இருக்கா?"

"இல்லைங்க" என்றேன்.

சட்டத்தில் அச்சடித்த பிறகு பிழை கண்டால் சர்க்காரிலிருந்து சின்னச் சீட்டு வரும். இந்த எண்ணுக்குப் பதில் அந்த எண் என்று படிக்கவும், அவ்வளவுதான் இருக்கும். அதைப் புத்தகத்தில் அந்த வரிமேல் ஒட்ட வேண்டும். இடது ஓரத்தில் மட்டும் பசை, தூக்கிப் பார்த்தால் அடியில் பழையது தெரிய வேண்டும். மைதாவில் துத்தம் போட்டு நானே காய்ச்சுவேன், பூச்சி அண்டாது. மூவாயிரம் சீட்டாவது ஒட்டியிருப்பேன். எல்லாமா ஞாபகம் இருக்கும்?

ஜூலை 4, வெள்ளி

மகன் பேசினான். தெரியாத நம்பர்.

"அம்மா, அவளை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. பொம்பளை, கொஞ்ச நாள்ல வுட்ருவாங்க. எனக்கு இருபத்தி மூணாந்தேதி துபாய்க்கு ஃப்ளைட். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும். அவங்களுக்கு வண்டிக்காரி கிடைச்சிட்டா, ஓட்டுனவனைத் தேட மாட்டாங்க."

"டேய்..."

"நீ எதையும் கிளறாத. உனக்கு ஞாபகம் வந்தாதான் எனக்கு வில்லங்கம்."

நான் சாப்பிட்டியா என்று கேட்டேன். அதை மட்டும்தான் கேட்டேன்.

ஜூலை 5, சனி

சோறு, ரசம், அப்பளம். பிள்ளை அப்பளத்தை மட்டும் தின்றாள்.

ஜூலை 7, திங்கள்

சங்க லைப்ரரிக்குப் போனேன், சும்மா பார்த்துவிட்டு வர. இப்போது அங்கே புஷ்பராஜ். நான் ஓய்வுபெற்ற அன்று எனக்குப் போட்ட மாலையை, நான் வாசல் தாண்டுவதற்குள் சாமி படத்துக்குப் போட்டவன். கேட்டால் "வாடிடும்ல, அதான்" என்றான்.

பழைய புத்தகமெல்லாம் எங்கே என்றேன்.

"மாடி ரூம்ல கிடக்குது. எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடுச்சும்மா. அதையெல்லாம் யார் பாக்கறா?"

"நான் பாக்கறேன்."

"ஏறுவியா நீ?"

ஏறினேன். புறா எச்சம். எட்டு நிமிஷம் இருந்தேன். போகும்போது வயர் கூடையில் முருங்கைக்கீரை மட்டும் இருந்தது. இறங்கும்போது கூடை கொஞ்சம் கனத்தது. கீரையில் ஈரம் இருந்திருக்கும்.

ஜூலை 9, புதன்

ஜாமீன் மனு தள்ளுபடி.

ஆரோக்கியசாமி நன்றாகத்தான் பேசினார். மாஜிஸ்திரேட் அம்மாவுக்கும் அந்தப் பிரிவு விசித்திரமாகத்தான் இருந்தது. மஞ்சள் புத்தகத்தை இரண்டு தரம் புரட்டினார்கள். "ஓட்டினவருக்கு ஜாமீன், உரிமையாளருக்கு இல்லை. வரைவில் ஏதோ தவறு இருக்கலாம். ஆனால் புத்தகத்தில் இப்படி இருக்கும்போது நானாக எண்ணை மாற்ற முடியாது, வக்கீல் சார். திருத்தம் ஏதாவது இருந்தால் காட்டுங்கள்" என்றார்கள்.

வெளியே வந்ததும் ஆரோக்கியசாமி புஷ்பராஜை மாடிக்கு அனுப்பினார், பழைய நீல அட்டைப் பிரதி இருக்கிறதா என்று. நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டியிருந்த தாரைக் குச்சியால் சுரண்டினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் புஷ்பராஜ் தலையெல்லாம் தூசியாக வந்தான்.

"இல்ல சார். அந்த வருஷம் மட்டும் காணோம்."

"எல்லாம் இருக்கு, அது மட்டும் இல்லையா?" என்றார் ஆரோக்கியசாமி.

நான் மரத்துக்கு அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். வெயில்.

ஜூலை 11, வெள்ளி

வேலூர் பெண்கள் ஜெயிலுக்குப் போய் மனு போட்டு வெண்ணிலாவைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம், இரைச்சலில் ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்பதில்லை. அவள் கத்தினாள்: "பாப்பாவுக்கு வியாழக்கிழமை பேன் சீப்பு போடணும்! அங்கன்வாடி சாவி மாடத்துல இருக்குது, டீச்சர் கேட்டா குடுங்க!"

"சரி!"

"அவரு போன் பண்ணாரா?"

"இல்ல!"

அவள் கம்பியோடு முகத்தை ஒட்டினாள். குரல் இறங்கிவிட்டது, ஆனாலும் கேட்டது. "அத்தே, எங்கூட இருக்கறவங்க சொல்றாங்க, ஓட்டுனவர் பேரைச் சொன்னாலும் என்னை வுட மாட்டாங்களாம், சட்டம் அப்படியாம். வேலையில இருந்து நோட்டீசு வந்திருக்குது. ஜெயில்ல இருக்கறவளை அங்கன்வாடியில வெச்சிக்க மாட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும்? நீங்க கோர்ட்லயே இருந்தவங்க. நீங்க சொல்ற மாதிரி செய்றேன்."

கல்யாணமான மூன்றாம் நாள், பந்தியில் எல்லார் முன்னாலும், என் குழம்பில் உப்பு தூக்கல் என்று சொன்னவள் இவள். 2014 தை மாசம். நான் அதை விட்டதில்லை.

"பொறு" என்றேன். "பொறுத்துக்கோ."

பஸ்ஸில் வரும்போது அவள் கை வளையல் இல்லாமல் இருந்ததுதான் கண்ணிலேயே நின்றது.

ஜூலை 13, ஞாயிறு

இன்னும் பத்து நாள்.

ஜூலை 14, திங்கள்

இதுவரை எழுதாததை எழுதுகிறேன். அந்த நீல அட்டைப் புத்தகம் ஒரு வாரமாக என் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது.

2005 டிசம்பர். அந்த வருஷம் மழை ஊரையே அடித்துக்கொண்டு போயிற்று. கோர்ட்டு வளாகத்துப் புளியமரம் விழுந்து முன்சீப் ஜீப் நசுங்கிய மறுநாள், தபாலில் இரண்டு சீட்டு வந்தது. ரோஸ் காகிதம். லைப்ரரியில் அந்தச் சட்டத்துக்கு இரண்டு பிரதி. ஒன்றில் உடனே ஒட்டினேன், ஓரத்தில் பென்சிலால் தேதி போட்டேன். இன்னொரு பிரதி ஆரோக்கியசாமி வீட்டில் இருந்தது. சீட்டையும் பசையையும் எடுத்துக்கொண்டு மழையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல்படியில் நின்றபடியே, "ஏய் பசை, ஆளுங்க இருக்காங்கல்ல, அப்புறம் வா" என்றார். நான் அப்புறம் போகவில்லை. சீட்டு நனைந்து கூழாகிவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் மகனிடம் சொல்லிச் சிரித்தேன். "பாருடா, ஒரே ஒரு நம்பரு. ஓட்டுனவன் மாட்டணும், தப்பா வண்டிக்காரன் மாட்டிகினான். பெரிய பெரிய ஆளுங்க எழுதி, பசைக்காரி நான் சரி பண்றேன்." அவனுக்குப் பதினெட்டு வயசு. அவனும் சிரித்தான்.

ஆக அவனுக்கும் தெரியும்.

மத்தியானம் இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். புத்தகத்தைப் பதினேழாம் பிரிவில் விரித்து ஆவியில் காட்டினேன். என் பசை இருபது வருஷமாகியும் விடவில்லை. கீழ்மூலையில் மட்டும் நகக்கண் அளவு மெதுவாகச் சுருண்டு எழுந்தது. நகத்தைக் கொடுத்தேன்.

"பாட்டி, இன்னா வேக வைக்கற?"

இலக்கியா. பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் என்று முன்னாலேயே அனுப்பிவிட்டார்களாம்.

"ஒண்ணுமில்ல."

"புக்கா? புக்க எதுக்கு வேக வைக்கற?" என்று சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமினாள். "அம்மாவுக்குக் குடுக்கறதா?"

அடுப்பை அணைத்தேன். பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 16, புதன்

காவலை இன்னும் பதினைந்து நாள் நீட்டிவிட்டார்கள். வெண்ணிலாவை நேரில் கொண்டுவரவில்லை, டிவியில் காட்டினார்கள். பெயரைக் கூப்பிட்டதும் திடுக்கென்று எழுந்தாள். திரை ஓரமாகப் போய்விட்டாள், பாதி முகம்தான் தெரிந்தது.

வளாகத்தில் அவள் அம்மா பூங்காவனம் என்னைப் பிடித்துக்கொண்டாள். இவள் என் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தவள்.

"எம் பொண்ணை உள்ள அனுப்பிட்டு உம் புள்ளைய எந்தப் பானைக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சிருக்கற?"

"பானைக்குப் பின்னாடி புள்ள இல்ல" என்றேன்.

"வேற இன்னா இருக்குது? சொல்லு. எல்லார் கதையும் தேதியோட சொல்லுவியே, எம் பொண்ணு கதைய சொல்லேன்!"

கூட்டம் கூடிவிட்டது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். வாசலுக்கு இரண்டு தரம் கோலம் போட்டேன், முதலாவது கோணிக்கொண்டது. பிள்ளைக்குப் பேன் சீப்பு போட்டேன். காய்ச்சல் இல்லை. அப்புறம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆரோக்கியசாமி வீட்டுக்குப் போனேன். படியில் நிற்கவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் சீட்டைப் படித்தார். ஓரத்தைத் தூக்கி அடியில் பார்த்தார். திரும்பப் படித்தார். "பதினேழாம் பிரிவில் ஒன்பது என்பதற்குப் பதிலாகப் பத்து என்று படிக்கவும்."

புத்தகத்தை மூடாமலே மேசைமேல் வைத்தார்.

"எங்க இருந்தது?"

"எங்கிட்ட."

"எப்பலேர்ந்து?"

"கேஸுக்கு அது வேணுமாங்க?"

"வேணாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேசம்மா, இதுல ஒண்ணு இருக்கு. இது வந்தா உன் மருமக வெளிய வந்துடுவா. ஆனா ஓட்டினவனுக்கு ஜாமீன் கிடையாது. இப்ப வரைக்கும் அவங்களுக்கு வண்டிக்காரி போதும். இதுக்கப்புறம் ஓட்டினவனைத் தேடுவாங்க. பிடிச்சா, கேஸ் முடியற வரைக்கும் உள்ளதான். தெரிஞ்சுதான் கொண்டாந்தியா?"

"நாந்தானே ஒட்டினேன். தெரியாம இருக்குமா?"

அவர் எழுந்து உள்ளே போய் இன்னொரு நீலப் புத்தகத்தோடு வந்தார். லைப்ரரியின் இரண்டாம் பிரதி. இத்தனை வருஷமாகத் திருப்பித் தரவேயில்லை. "இதைத்தான் நான் முதல்ல பார்த்தேன். ஒன்பதுன்னுதான் இருக்கு. இதுல ஏன் சீட்டு இல்ல?"

"நீங்கதான் அப்புறம் வான்னீங்க."

தேதி சொன்னேன், மழை சொன்னேன், வாசலில் கிடந்த செருப்பு எத்தனை ஜோடி என்பதையும் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. இருபது வருஷம் காத்திருந்து சொன்னது. சொன்னால் இனிக்கும் என்று நினைத்திருந்தேன். நாக்கு கசந்தது.

சென்னையிலிருந்து அந்தத் திருத்தம் வெளியான அரசிதழின் நகல் வாங்க ஆள் அனுப்பியிருக்கிறார். சீட்டோரத்தில் நான் பென்சிலால் போட்ட தேதியைக் கொண்டு எந்த வாரத்து இதழ் என்று கண்டுபிடித்தார்.

ஜூலை 19, சனி

அரசிதழ் நகல் இன்னும் வரவில்லை. மகன் இரண்டு தரம் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மும்தாஜ் வந்து, "போன் அடிக்குதே பெரீம்மா, காது கேக்கலியா?" என்றாள். கேக்கலை என்றேன்.

ஜூலை 21, திங்கள்

நகல் காலையில் வந்து சேர்ந்தது. மாஜிஸ்திரேட் அம்மா அதையும் என் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அரசு வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்து உட்கார்ந்துவிட்டார்.

"இதை ஒட்டினது யார்?"

ஆரோக்கியசாமி திரும்பி, "திருமதி தேசம்மாள், யுவர் ஆனர். சங்க நூலகத்தில் பணியாற்றியவர்" என்றார். திருமதி.

எழுந்து நின்றேன்.

"பசை இவ்வளவு நாள் பிடிச்சிருக்கே. இந்த மூலை மட்டும் ஏன் கிளம்பியிருக்கு?"

"பழசாயிடுச்சிம்மா" என்றேன்.

கோர்ட்டில் நின்று நான் சொன்ன பொய் இது. ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். தினம் வனச்சரக ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும், விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் பூங்காவனம் வெண்ணிலாவைக் கூட்டிவந்தாள். இலக்கியா ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை, அப்படியே நடந்தார்கள். நான் குழம்பு வைத்திருந்தேன். உப்பைக் குறைத்துப் போட்டிருந்தேன்.

மத்தியானம் நானும் வெண்ணிலாவும் கையெழுத்துப் போடப் போனோம். வனவர் கேட்டதும் அவள் ஓட்டியவன் பேரைச் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. இப்போது எங்கே இருக்கிறான் என்றார். தெரியாது என்றாள். அவளுக்குத் தெரியாதுதான். என்னை யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது டவுன் பஸ். கூட்டமே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வக்கீல் சொன்னாரு, உங்களாலதான் வந்தேன்னு" என்று என் கையைப் பிடித்தாள். "எப்ப அத்தே ஞாபகம் வந்துச்சி?"

எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். நேற்று ஜட்ஜிடமே சொன்னேன்.

"மொத நாளே" என்றேன். "புத்தகமும் எங்கிட்டதான் இருந்துச்சி. அவன் இருபத்தி மூணு வரைக்கும் கேட்டான்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியில் பாதி சீட்டு காலி. எங்கள் ஸ்டாப் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.

ஜூலை 23, புதன்

காலை ஆறு மணிக்கே வெண்ணிலா பிள்ளையின் துணிகளைப் பையில் அடுக்கிவிட்டாள். அம்மா வீட்டுக்கு. நான் தடுக்கவில்லை. இலக்கியாவின் ஒரு ரிப்பன் கொடியில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

வாசல் இறங்கியவள் திரும்பினாள்.

"வக்கீலு மேல இருபது வருஷம் வன்மம் வெச்சிருந்தீங்க. புஷ்பராஜண்ணன் மேல ஒரு மாலைக்காக வெச்சிருக்கீங்க. எங்கம்மா மேல, எம்மேல, ஒரு கல்லு உப்புக்கு. இதுக்கு யாரு மேல அத்தே வெப்பீங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மகன் கூப்பிட்டான். இந்தத் தடவை எடுத்தேன்.

"அம்மா, மீனம்பாக்கம் வந்துட்டேன். ரெண்டே காலுக்கு ஃப்ளைட். ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"அவ வெளிய வந்துட்டா."

"எப்படி?" என்றான். "உனக்கு ஞாபகம் இல்லன்னு சொன்னியா இல்லியா?"

அவள் எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் போனதும் அவனுக்குத் தெரியாது. நானும் இந்தத் தடவை சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

பத்தே முக்காலுக்கு வனச்சரக ஆபீசில் இருந்தேன். வனவர் தெய்வசிகாமணி டீ குடித்துக்கொண்டிருந்தார். மீனம்பாக்கம், இரண்டே கால் என்றேன். டம்ளரை வைத்துவிட்டு போனை எடுத்தார். சுவரில் மான் படம் போட்ட காலண்டர். அதில் இருந்த நாளையெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணினேன்.

ஒன்று இருபதுக்குத் தகவல் வந்தது. பிடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். நான் அவனைக் காட்டிக்கொடுத்தது சந்தனக்கட்டைக்காக இல்லை. ஓடிப்போனதற்காகவும் இல்லை, பயந்தவன் ஓடுவான். தாலி கட்டினவளைத் தன் இடத்தில் நிற்க வைத்தான், அதுகூட வெண்ணிலாவின் கணக்கு, அவள் பார்த்துக்கொள்வாள். என்னுடையது வேறு. எனக்கு இருப்பது ஒன்றே ஒன்றுதான், பார்த்ததைப் பார்த்தபடி வைத்திருப்பது. அதைப் பதினைந்து நாள் கொதிக்கிற ஆவியில் காட்டச் சொன்னவன் அவன். காட்டினவள் நான். எனக்கு வெண்ணிலா தண்டனை கொடுத்துவிட்டாள், வீடு காலியாகக் கிடக்கிறது.

யார் மேல் என்று அவளுக்கு வாசலில் சொல்லாத பதிலை இங்கே போடுகிறேன். கோர்ட்டுக் காகிதத்தில் எழுதுகிற மாதிரியே, ஆனால் அப்பன் பேரைச் சேர்க்காமல்.

தேசம்மாள் மகன் தணிகைவேல், வயது 38.